டாக்டர் ஹூ முதற்பருவம்: இரண்டு ஆசிரியர்களின் கதை



தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் பாராட்டி எழுத ஓர் ஆசிரியருக்கு என்ன தேவை வந்தது என்று சிலர் கேட்கக்கூடும். ‘தொலைக்காட்சியை அடைத்துவிட்டுப் புத்தகத்தை எடு’ என்று மாணவர்களிடம் நாள்தோறும் சொல்லுகின்றவர்கள் அல்லவா நாம்! ஆயினும், ஆசிரியர் இருவரைக் கதைமாந்தராகக் கொண்டு, ஒரு மாணவியின்மீது அவர்கள் கொண்ட அக்கறையிலிருந்தே தொடங்கிய ஒரு தொடரைப் பற்றி ஆசிரியர்கள் பேசாமல் வேறு யார் பேசுவது?

நான் குறிப்பிடுவது இங்கிலாந்தின் பிபிசி நிறுவனம் தயாரித்த ‘டாக்டர் ஹூ’ தொடரின் முதற்பருவத்தை. 1963 நவம்பர் 23 முதல் 1964 செப்டம்பர் 12 வரை ஒளியேறிய 8 கதைகள். மொத்தம் 42 பகுதிகள். பகுதி ஒன்றுக்கு ஏறத்தாழ 25 நிமிடம். எல்லாம் கறுப்பு வெள்ளை. அதன்பின் அத்தொடர் 1989 வரை நீண்டது. 2005இல் புத்துயிர் பெற்று மீண்டும் வலம் வந்தது. தலைமை நடிகர்கள் ஒருவர்பின் ஒருவராக மாறினர். உலகெங்கும் அதற்கென்றே உயிரை விடும் இரசிகர்கள் உளர். ஆனால், அவ்விரசிகர்களிலேயே பலர் முதற்பருவத்தைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர். ‘கதை ஊர்கிறது, சுவர்கள் அட்டை என்று தெரிகிறது, நடிகர்கள் வசனத்தை மறக்கிறார்கள், வரலாற்றுப் பாடம் மிகுதி’ என்பது அவர்கள் முறையீடு.

நானோ அந்த 42 பகுதிகளுக்கு ஈடாகப் பின்னாளில் எதுவும் வரவில்லை என்னும் கட்சியைச் சேர்ந்தவன். என் காரணம் இதுதான். அங்குக் கதையைத் தாங்கி நிற்பவர் காலவெளிகளைக் கடந்து பயணம் செய்யும் அந்த முதியவர் அல்லர். இலண்டனின் கோல் ஹில் பள்ளியில் வரலாறு கற்பிக்கும் பார்பரா ரைட்டும் அறிவியல் கற்பிக்கும் இயன் செஸ்டர்டனுமே தாங்கி நிற்கின்றனர். அதுமட்டுமன்று. பின்னாளில் அண்டம் முழுவதையும் காக்கின்ற நல்லவராக உலகம் அறிந்த ‘டாக்டர்’, நல்லவராக இருக்கக் கற்றுக்கொண்டதே இவ்விரு ஆசிரியர்களிடமிருந்துதான்!

முதற்பகுதியை நினைவுகூர்கின்றேன். பள்ளி மணி அடித்து மாணவர்கள் வெளியேறுகின்றனர். பார்பரா நேரே வீட்டிற்குப் போகவில்லை. இயனின் ஆய்வுக்கூடத்திற்கு வருகிறார். ஒரு மாணவியைப் பற்றிப் பேச வேண்டும். பெயர் சூசன், அகவை 15. நம்மூர்க் கணக்கில் படிவம் மூன்று. வரலாற்றில் அவள் மிகச் சிறந்தவள் என்பதால், வீட்டிற்கே வந்து கூடுதலாகச் சொல்லித் தருவதாகப் பார்பரா முன்வந்திருக்கிறார். அவளோ தன் தாத்தாவுக்கு அயலார் வருவது பிடிக்காது என்று மறுத்துவிட்டாள். அண்மைக் காலமாக வீட்டுப்பாடமும் சரியில்லை. தாத்தாவைப் பார்த்துப் பேசலாம் என்று பள்ளிப் பதிவிலிருந்த முகவரிக்குப் போனால், அங்கு வீடே இல்லை. பழைய பொருள்களைப் போட்டு வைக்கும் கொட்டகைத் திடல் ஒன்றுதான் இருக்கிறது. பதிவேட்டு முகவரிக்கும் பிள்ளை வாழும் இடத்திற்கும் தொடர்பில்லை என்பதைக் கண்டறிந்து திகைத்த அனுபவம் நம்மில் எத்தனை பேருக்கு இல்லை!

சூசனைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்ளும்போது வகுப்பறைக் காட்சிகள் இடையிடையே வருகின்றன. ஒரு பவுண்டுக்கு எத்தனை சில்லிங் என்பது அவளுக்குத் தெரியவில்லை. இங்கிலாந்து நாணயம் பதின்ம முறைக்கு மாறிவிட்டது என்று நினைத்துவிட்டேன் என்கிறாள், வகுப்பே சிரிக்கிறது. (இங்கிலாந்து உண்மையிலேயே பதின்ம முறைக்கு மாறியது 1971 பிப்ரவரியில்! 1963இல் எழுதிய கதையாசிரியரின் குறும்பை என்னவென்று சொல்வது. மலாயாவில் அப்போதே நாம் நூறு காசுக்கு ஒரு வெள்ளி என்று எண்ணிக்கொண்டிருந்தோம் என்பது வேறு செய்தி.) இயனின் வகுப்பில் கணக்கொன்றை நீள அகல உயரம் என்னும் மூன்று பரிமாணங்களைக் கொண்டு தீர்க்கச் சொன்னால், நான்காவதும் ஐந்தாவதும் வேண்டும் என்று பிடிவாதம் செய்கிறாள். பார்பரா இரவல் கொடுத்த பிரெஞ்சுப் புரட்சி நூலை விரித்த சூசன், ஏதோ ஓர் இடத்தில் நின்று, இது சரியில்லையே என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறாள். பருவத்தின் கடைசிக் கதை அதே பிரெஞ்சுப் புரட்சியின் நடுவே நடக்கிறது.

இத்தகைய மாணவரை நாம் எப்படி நடத்துகின்றோம்? ஒரு பக்கம் ஆசிரியரையே விஞ்சும் அறிவு. மறுபக்கம் சிறு பிள்ளைக்கும் தெரிந்தது தெரியாத பேதைமை. அதிகப்பிரசங்கி என்று அமர்த்திவிடுவது ஒரு வழி. கட்டொழுங்கு ஆசிரியரிடம் அனுப்பிவிடுவது இன்னொரு வழி. பார்பராவும் இயனும் அவ்விரண்டையும் செய்யவில்லை. தங்கள் மாலைப்பொழுதைச் செலவழித்து, மகிழுந்தில் சென்று, அந்தத் திடலுக்கு வெளியே காத்திருக்கின்றனர். ஒருவரும் அவர்களை அனுப்பவில்லை. அறிக்கை எழுதவும் கேட்கவில்லை. அப்பிள்ளை இருட்டில் எங்கே போகிறாள் என்னும் கவலை ஒன்றே அவர்களைக் கொண்டு போகிறது. திடலுக்குள் நீல நிறக் காவற்கூண்டு ஒன்று நிற்கிறது. அதுவே டார்டிஸ் என்னும் காலக்கலம். வெளியே சிறிது, உள்ளே பெரிது. உள்ளே நுழைந்தவர்கள் வெளியே போய்ச் செய்தியைப் பரப்பிவிடுவார்கள் என்று அஞ்சிய அந்த முதியவர், அவர்களையும் சேர்த்துக்கொண்டே கலத்தைக் கிளப்பிவிடுகிறார்.

ஆம், முதற்பகுதியில் டாக்டர் ஓர் ஆள்கடத்தல்காரர்! வில்லியம் ஹார்ட்னெல் என்னும் நடிகர், அப்போது அகவை 55, அந்த முதியவரைக் கடுகடுப்பும் சூதும் நிறைந்தவராகவே நடித்தார். இப்பகுதியை முதலில் 1963 செப்டம்பரில் ஒருமுறை பதிவு செய்தனர். அதைப் பார்த்த பிபிசி நாடகப் பிரிவின் தலைவர் சிட்னி நியூமன், திரும்பவும் எடுக்கச் சொல்லிவிட்டார். அக்டோபரில் மறுபடி எடுத்ததே ஒளியேறியது. அதில் டாக்டரின் கடுமை சற்றுக் குறைந்திருந்தாலும், அன்பானவர் என்று எவரும் சொல்லிவிட முடியாது.

இந்த இடத்தில் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். கண்முன் நடப்பதை நம்ப மறுப்பவர் யார் தெரியுமா? அறிவியலாசிரியர் இயன்! வெளியே சிறிதாக இருக்கும் கூண்டு உள்ளே எப்படிப் பெரிதாகும், இது ஏதோ கண்கட்டு வித்தை என்று சாதிக்கிறார். முதலில் ஏற்றுக்கொள்பவர் வரலாற்றாசிரியை பார்பரா. ஏன் என்று விளக்கத் தெரியவில்லை, ஆனால் இவர்கள் சொல்வதை நம்புகிறேன் என்கிறார். கதவைத் திறந்து வெளியே பாலைநிலத்தைக் கண்டபின்பே இயன் தம் எண்ணத்தை மாற்றிக்கொள்கிறார். சான்று கிடைத்ததும் மாற்றிக்கொள்வதும் அறிவியல்தானே. இரு பாட ஆசிரியர்களின் மனப்போக்கையும் இவ்வளவு நுட்பமாகக் காட்டிய சிறுவர் நிகழ்ச்சி வேறொன்றை நான் கண்டதில்லை.

அவர்கள் போய்ச் சேர்வது கற்காலத்திற்கு. தீ உண்டாக்கும் முறையை மறந்துவிட்ட ஒரு குகைக்கூட்டத்தினர் அவர்களைச் சிறைபிடிக்கின்றனர். தப்பி ஓடும்போது, துரத்தி வந்தவனை ஒரு விலங்கு தாக்கிக் குற்றுயிராக்கிவிடுகிறது. அவனை விட்டுவிட்டு ஓடிவிடலாம் என்கிறார் டாக்டர். காயம்பட்டவனை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்று நின்றுவிடுகிறார் பார்பரா. சிறிது நேரத்தில் டாக்டர் ஒரு கூரிய கல்லை எடுத்துக்கொண்டு அந்தக் காயம்பட்டவனருகே குனிகிறார். இயன் அவர் கையைப் பிடித்துத் தடுக்கிறார். கலத்திற்கு வழி வரையச் சொல்லத்தான் கல்லை எடுத்தேன் என்கிறார் டாக்டர். நம்ப முடிகிறதா? பார்ப்பவருக்கும் நம்பிக்கையில்லை, இயனுக்கும் இல்லை.

பின்னர் இயன் குச்சிகளை உரசி அவர்களுக்குத் தீ உண்டாக்கித் தருகிறார். தனியொருவன் வலிமை முழுக் கூட்டத்தின் வலிமைக்கு ஈடாகாது என்னும் பாடத்தையும் அந்தக் குகைத்தலைவனுக்குப் புகட்டுகிறார். அதற்கு அவன் காட்டிய நன்றிக்கடன் என்ன? தீயை வாங்கிக்கொண்டு, அவர்களைத் தொடர்ந்து சிறையிலேயே வைக்கிறான்! கற்பித்தவர்க்கு உடனடிப் பயன் கிடைத்துவிடும் என்று அத்தொடர் பொய் சொல்லவில்லை. பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு மறுநாளே மாற்றத்தை எதிர்பார்க்கும் நமக்கு இக்காட்சி சற்றுக் கசப்பாகத்தான் இருக்கும்.

இரண்டாம் கதையில் வருபவை டாலெக்குகள். உலோகக் கூட்டுக்குள் வாழும் அவ்வுயிர்களால்தான் இத்தொடர் இங்கிலாந்து முழுவதும் பரவியது. அக்கதை முடிவதற்குள் பார்வையாளர் தொகை ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. ஆனால், அக்கதையில் எனக்கு முதன்மையாகப் படுவது வேறு. அழிந்த நகரமொன்றைச் சுற்றிப் பார்க்கும் ஆசையில், கலத்தின் ஒரு கருவிக்குப் பாதரசம் இல்லை என்று டாக்டர் பொய் சொல்கிறார். அந்தப் பொய்யால் நால்வரும் கதிரியக்க நோய்க்கு ஆளாகிறார்கள். உண்மை தெரிந்தபோது ஆசிரியர்கள் அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லத் தயங்கவில்லை. இன்னொரு நெருடலான இடமும் உண்டு. போரை வெறுக்கும் தால் இனத்தாரைத் தங்கள் நலனுக்காகப் போரில் இறக்குவது தகுமா என்னும் வினா எழுகிறது. டாக்டருக்கு அதில் தயக்கமில்லை. இயன் தயங்குகிறார். தயங்கிவிட்டு, முடிவில் ஒரு சூழ்ச்சியால் அவர்களைச் சினமூட்டுகிறார். அது சரியா தவறா என்று எனக்கு இன்னும் தீர்க்கமாகச் சொல்லத் தெரியவில்லை.

மூன்றாம் கதை இரண்டே பகுதி. 1964 பிப்ரவரியில் ஒளியேறியது. டார்டிஸுக்குள்ளேயே நடக்கிறது, நான்கு நடிகர், ஒரு கூடம், அவ்வளவே. கலம் பழுதாகி நிற்கிறது. ஆசிரியர்கள்தாம் சதிசெய்து கலத்தைக் கெடுத்தார்கள் என்று டாக்டர் பழி சுமத்துகிறார். வெளியே தள்ளிவிடப் போவதாகவும் மிரட்டுகிறார். உங்கள் உயிரை நாங்கள் எத்தனை முறை காப்பாற்றியிருக்கிறோம், எங்களுக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டியவர் என்று பார்பரா பொரிந்து தள்ளும் காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஜாக்குலின் ஹில் என்னும் நடிகையின் குரலில் அழுகையும் சினமும் ஒன்றாகக் கலந்து வரும். கலம் தங்களுக்கு ஏதோ எச்சரிக்கை விடுக்கிறது என்பதைச் சிதறிக் கிடந்த குறிப்புகளிலிருந்து கண்டுபிடிப்பவரும் அவரே. உண்மையான காரணம், ஒரு பொத்தானின் அடியிலிருந்த சிறு சுருள்வில் சிக்கிக்கொண்டதுதான்!

அதன்பின் வருகின்ற காட்சி, என்னைப் பொறுத்தமட்டில், தொடரின் உண்மையான தொடக்கம். அகவையிலும் அறிவிலும் எவ்வளவோ மூத்த அந்த மனிதர், இளைய ஆசிரியையிடம் வந்து, தட்டுத் தடுமாறி, தம் பழிச்சொல்லுக்கு வருந்துகிறார். பெரியவர் சிறியவரிடம் மன்னிப்புக் கேட்பதைக் குழந்தைகள் எத்தனை முறை பார்க்கின்றனர்? வீட்டில்? பள்ளியில்? அந்த நாளுக்குப்பின் டாக்டர் சிரிக்கிறார், பிறரை நம்புகிறார். காலம் முழுவதும் சுற்றியவருக்கு இரண்டு பள்ளி ஆசிரியர்கள் சொல்லித் தர வேண்டிய பாடம் மிச்சமிருந்தது.

இனி, பார்பராவின் கதை எனத் தக்க ‘ஆஸ்டெக்குகள்’. 1964 மே, ஜூன் மாதங்களில் நான்கு பகுதிகளாக வந்தது. எழுதியவர் ஜான் லுகரோட்டி. கலம் பழைய மெக்சிகோவில், யெட்டாக்சா என்னும் தலைமைப் பூசகரின் கல்லறைக்குள் இறங்குகிறது. அங்கிருந்த கைவளையைப் பார்பரா அணிந்துகொண்டதால், யெட்டாக்சாவே மறுபிறவி எடுத்து வந்துவிட்டதாக மக்கள் அவரை வணங்கத் தொடங்குகின்றனர். ஆஸ்டெக் வரலாறு அவர் ஆழ்ந்து கற்ற துறை. அவர்களுடைய கலையும் அறிவும் எவ்வளவு உயர்ந்தவை, நரபலி எவ்வளவு கொடியது என்பதை அவர் அறிவார். 1521இல் ஸ்பானியர் அந்நகரை அழிக்கப் போகிறார்கள் என்பதையும் அறிவார். நரபலியை இப்போதே நிறுத்திவிட்டால், வரப்போகும் ஸ்பானியர் அம்மக்களின் சிறப்பை மட்டுமே காண்பர், அழிக்க மாட்டார்கள் என்று எண்ணுகிறார். கைக்கு அதிகாரமும் வந்துவிட்டது, தெய்வமாகவே ஆக்கிவிட்டார்கள். எந்த வரலாற்று ஆசிரியருக்கு இந்த ஆசை வராது?

டாக்டர் கடுமையாகத் தடுக்கிறார். வரலாற்றில் ஒரு வரியைக்கூட மாற்ற இயலாது என்பது அவர் கருத்து. பார்பரா கேட்கவில்லை. பலி மேடையில் நின்று, பலியிடக் கூடாது என்று ஆணையிடுகிறார். என்ன நடக்கிறது? பலியாகவிருந்த இளைஞன், தனக்குக் கிடைத்த பெருமையைப் பறித்துவிட்டார்களே என்று நாணி, மேடையிலிருந்து தானே குதித்து மாண்டுபோகிறான். யாரைக் காக்க நினைத்தாரோ அவனே அந்தக் காப்பை ஏற்கவில்லை. பலிபூசகன் அன்றிலிருந்து பார்பராவைப் பொய்த்தெய்வம் என்று நிறுவுவதற்கே உயிர் வாழ்கிறான். கதை முடியும்போது சூரியனை இருள் கவ்வுகிறது, பலியும் நடக்கிறது. பார்பரா தோற்றுவிடுகிறார், முழுமையாக!

ஆனால், ஆட்லாக் என்னும் இன்னொரு பூசகன் இருக்கிறான், அறிவுக்குத் தலைவன். அவன் பார்பரா சொன்னதைக் கேட்டுச் சிந்தித்தவன். தான் இதுவரை நம்பியது சரியா என்று ஐயுற்று, பதவியையும் உடைமையையும் துறந்து, உண்மையைத் தேடித் தனியே காட்டுக்குப் போய்விடுகிறான். இறுதிக் காட்சியில், எதையும் மாற்ற முடியாதென்றால் இங்கு வந்ததன் பயன்தான் என்ன என்று பார்பரா கேட்கிறார். ஒரு நாகரிகத்தை உங்களால் காப்பாற்ற முடியவில்லை, ஆனால் ஒரு மனிதனுக்கு உதவினீர்கள் என்னும் கருத்துப்பட டாக்டர் விடை கூறுகிறார். முன்பு கல்லை எடுத்த அதே டாக்டர்!

முப்பது நாற்பது பிள்ளைகள் கொண்ட வகுப்பில் ஆண்டு முழுவதும் கத்தித் தொண்டை வறண்டவர்களுக்கு அந்த விடை எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஓர் எச்சரிக்கையும் சேர்த்தே சொல்கிறேன். அக்கதை பார்பராவைத் தியாகச் சிலையாக்கவில்லை. ஆட்லாக்கின் மனத்தைக் கலைத்துவிட்டு, தாம் உண்மையில் தெய்வமில்லை என்பதை மறைத்தே அதைச் செய்தோம் என்று அவர் உள்ளுக்குள் வெந்து போகிறார். மாணவர் நம்பிக்கையைப் பெறுவதற்காக நாம் அணியும் வேடங்கள் பற்றியும் அது பேசுகிறது.

‘மார்க்கோ போலோ’ கதையைப் பற்றி எழுதும்போது கை சற்று நடுங்குகிறது. ஏனெனில் அதன் ஏழு பகுதிகளில் ஒன்றுகூட இன்று இல்லை. 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் பிபிசி தன் பழைய ஒளிநாடாக்களை அழித்து மீண்டும் பயன்படுத்திற்று. நாடா விலை அதிகம். மறுஒளிபரப்புக்கு வாய்ப்புக் குறைவு. எவரும் வீட்டில் வைத்துப் பார்ப்பார்கள் என்று அன்று யார் நினைத்தார்கள்? இப்பருவத்தில் மட்டும் அந்த ஏழும், பிரெஞ்சுப் புரட்சிக் கதையில் இரண்டும் ஆக ஒன்பது பகுதிகள் போயின. எஞ்சியிருப்பவை, வீட்டிலிருந்த இரசிகர்கள் தொலைக்காட்சிக்குமுன் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பிடித்துக்கொண்ட ஒலியும், சில நிழற்படங்களும்தாம். அரசு நிறுவனம் போற்றாததைச் சிறுவர்களும் இளைஞர்களும் போற்றிக் காத்திருக்கிறார்கள்! கேட்டுப் பாருங்கள். 1289ஆம் ஆண்டு, பாமீர் மலையிலிருந்து குப்ளாய் கான் அரண்மனை வரை நீளும் பயணம். கோபிப் பாலையில் தண்ணீர்ப் பைகளைப் பகைவன் கிழித்துவிட, கலத்தின் உட்சுவரில் இரவுக் குளிரால் திரண்ட நீர்த்துளிகள் உயிர் காக்கின்றன. எங்கோ ஒளித்து வைத்திருந்தீர்கள் என்று சினக்கும் மார்க்கோ போலோவுக்கு, நீராவி குளிர்ந்து நீராவதை இயன் விளக்க வேண்டியிருக்கிறது. பச்சை மூங்கிலைத் தீயில் போட்டு வெடிக்கச் செய்து கொள்ளையரை விரட்டும் உத்தியும் உண்டு. பாடம் பாடமாகத் தெரியாமல் கதைக்குள் கரைந்திருப்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமா? அந்த மார்க்கோ போலோவே பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தைப் பற்றியும் எழுதி வைத்தவர் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்ல நல்ல வாய்ப்பு.

குறையையும் மறைக்கக் கூடாது. மங்கோலியராகவும் ஆஸ்டெக்குகளாகவும் பெரும்பாலும் வெள்ளையரே ஒப்பனையிட்டு நடித்தனர். இன்று பார்க்கையில் உறுத்துகிறது. பிள்ளைகளுடன் பார்த்தால் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இதில் ஒரு முரணும் உண்டு. முதற்கதையையும் மார்க்கோ போலோவின் பெரும்பகுதியையும் இயக்கிய வாரிஸ் ஹுசைன், 1938இல் இலக்னோவில் பிறந்தவர். எழுத்தாளர் அட்டியா ஹுசைனின் மகன். முதற்பகுதி ஒளியேறியபோது அவருக்கு அகவை 24. தயாரிப்பாளர் வெரிட்டி லேம்பர்ட்டுக்கு 27. பிபிசி நாடகப் பிரிவில் அன்றிருந்த ஒரே பெண் தயாரிப்பாளர். அவர்களை நம்பிப் பொறுப்பைக் கொடுத்த சிட்னி நியூமன் கனடா நாட்டவர். அந்நிறுவனத்தின் பழைய பெருந்தலைகள் இவர்களை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். இலைம் குரோவ் படப்பிடிப்புத் தளத்தின் நெருக்கடியான, வெப்பம் தாங்காத கூடம் அவர்களுக்குக் கிடைத்தது. வார நாள்களில் ஒத்திகை. ஒரே மாலையில் பதிவு. நாடாவை வெட்டி ஒட்டுவது செலவு என்பதால், ஹார்ட்னெல் வசனம் குழறினாலும் அப்படியே விட்டுவிட்டனர். பள்ளி நாடக விழாவில் பிள்ளைகள் வசனம் மறந்து சமாளிப்பதைக் கண்டு உருகுகின்ற எனக்கு, அந்தக் குழறல்களும் பிடித்துத்தான் போயின.

எல்லாக் கதையும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். ‘மரினஸின் திறவுகோல்கள்’ இடத்துக்கு இடம் தாவி மூச்சிரைக்கிறது. ‘சென்சொரைட்டுகள்’ ஆறு பகுதிக்குத் தாங்காது, நான்கே போதும்.

பின் என்ன ஆயிற்று? பூதக்கண் அரக்கர்கள் வேண்டாம் என்று தொடக்கத்தில் நியூமன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். டாலெக்குகளைக் கண்டு அவர் எரிச்சலுற்றதும் உண்மை. ஆனால், மக்கள் விரும்பியது டாலெக்குகளையே. வரலாற்றுக் கதைகள் படிப்படியாகச் சுருங்கின. இயனும் பார்பராவும் 1965 ஜூனில் இலண்டனுக்குத் திரும்பி விடைபெற்றனர். ஹார்ட்னெல் 1966இல் விலகினார். 1967 தொடக்கத்தில் ஒளியேறி முடிந்த ஸ்காட்லாந்துக் கதைக்குப்பின், வேற்றுலக உயிர் எதுவும் தலைகாட்டாத தூய வரலாற்றுக் கதை 1982இல் ஒன்றே ஒன்று, அதுவும் இரண்டு பகுதி, வந்ததோடு சரி. வருகின்ற கதையிலெல்லாம் அரக்கன். வருகின்ற ஆண்டிலெல்லாம் டாக்டர் மேலும் மேலும் ஆற்றல் மிக்கவர். புதிய பருவங்களில் நல்ல எழுத்து இல்லையென்று நான் சொல்லவில்லை. விரும்பிப் பார்த்தவையும் உண்டு. ஆனால், எல்லாம் தெரிந்தவரைத் தடுத்து நிறுத்தி, இது முறையன்று என்று சொல்ல இரண்டு சாதாரண மனிதர் இல்லாதபோது, அவர் எதைக் கற்பார்?

திரையில் ஆசிரியர் என்றாலே ஒன்று கோமாளி, அல்லது கையில் பிரம்புடன் ஒரு கொடுமைக்காரர், அல்லது நாட்டையே திருத்தப் பிறந்த மாமனிதர். நம் பிள்ளைகள் நாள்தோறும் பார்க்கின்ற படங்களில் இம்மூவரைத் தவிர வேறு ஆசிரியரைக் காண்பது அரிது. இயனும் பார்பராவும் இம்மூன்றில் எதிலும் அடங்கமாட்டார்கள். அஞ்சுகிறார்கள், சண்டையிடுகிறார்கள், களைத்துப்போகிறார்கள். தெரியாததைத் தெரியாது என்கிறார்கள். தங்கள் பாடத்தை உண்மையிலேயே அறிந்திருக்கிறார்கள். அந்த அறிவு ஆபத்தில் கைகொடுக்கிறது. இப்படியோர் ஆசிரியரைத் திரையில் கண்டு வளரும் பிள்ளை, மறுநாள் வகுப்பில் நம்மை வேறு கண்கொண்டு பார்க்காதா?

ஜாக்குலின் ஹில் 1993இல் மறைந்தார். இயனாக நடித்த வில்லியம் ரசல் 2022இல் ஒரு சிறப்புக் கதையில் மீண்டும் இயனாகவே சிறிது நேரம் தோன்றினார். 57 ஆண்டு இடைவெளி! 2024இல் தம் 99ஆம் அகவையில் மறைந்தார். தொடரின் பொன்விழாவையொட்டி 2013இல் வந்த கதையில் கோல் ஹில் பள்ளியின் பெயர்ப்பலகை ஒரு நொடி வந்து போகும். உற்றுப் பார்த்தால், பள்ளி மேலாளர் வாரியத் தலைவர் இ. செஸ்டர்டன் என்றிருக்கும். நம்மவர் பதவி உயர்ந்திருக்கிறார்!

பார்க்க விரும்புவோர் எதிலிருந்து தொடங்குவது? வரிசைப்படிதான் பார்க்க வேண்டும் என்று இரசிகர்கள் அடம்பிடிப்பார்கள், கேட்காதீர்கள். முதற்பகுதியை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். பிறகு நேரே ‘ஆஸ்டெக்குகள்’. அதன்பின் டார்டிஸுக்குள் நடக்கும் அந்த இரண்டு பகுதிகள். குகைக்கூட்டத்தின் காட்சிகளில் மண்டையோடுகளும் வெறிக்கூச்சலும் மிகுதி. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தனியே பார்க்க விடாதீர்கள். ‘ஆஸ்டெக்குக’ளைப் பார்க்கும்போது பார்பரா பலியைத் தடுக்கும் இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, நீ அங்கிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று பிள்ளையிடம் கேளுங்கள். விடை சொல்லி முடித்தபின் மீதியைப் போடுங்கள்.